வடக்குப்பட்டு வரைக்கும் போன திருத்தம்

செய்தி வந்தபோது நான் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரோடு லிஃப்ட் விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் போன் அடித்தது. அமலாவின் மகன். "சேகர் மாமா, அம்மா போய்ட்டாங்க. நேத்து ராத்திரி சாப்பிட்டு நல்லாதான் பேசிக்கினு இருந்தாங்க, காலையில எழுப்பப் போனா..." என்றான். போனை வைத்துவிட்டுச் சண்டையை அப்படியே விட்டேன். எதிரே நின்ற செயலாளர் நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று அமலாவின் ஊரான சேரப்பணஞ்சேரிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில், கஜேந்திரன் சாருடைய பட்டறையில் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அமலாவை, அதாவது அமலோற்பவத்தை, அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெரியாத உங்களுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம்தான். எழுதினால் அவளே எழுந்து வந்து "இன்னாபா, எனக்கா இவ்ளோ மரியாத?" என்று சிரிப்பாள். ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன். நாங்கள் ஒரே வயது, ஒரே சம்பளம். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டிகளைத்தான் பட்டறையில் செய்துகொண்டிருந்தோம். பெட்டிக்குள் இருக்கும் போர்டு என் வேலை. அந்தப் போர்டில் உட்காரும் சிப்புக்குள் என்ன எழுத வேண்டும் என்பது அவள் வேலை. ஒரு பெட்டி ஓடாவிட்டால் முதல் ஒரு மணி நேரம் யார் மேல் தப்பு என்று எங்களுக்குள் சண்டைதான் நடக்கும்.

அவள் எழுதியது அசெம்பிளி மொழியில். அதில் ஒரு எண்ணுக்கு முன்னால் # என்று ஒரு குறி போடுவார்கள். கஜேந்திரன் சாருக்கு வியாபாரம் தெரியும், வயரிங் தெரியும், அந்தக் குறி மட்டும் பிடிபடவே இல்லை. "எதுக்கும்மா வரிக்கு வரி இத்தப் போட்டுக்கினு?" என்று ஒருநாள் கேட்டார். அமலா கையிலிருந்த டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்: "சார், நூறு எடுத்துக்கினு வான்னு ஒருத்தர அனுப்புனா நூறு எடுத்துக்கினு வருவாரு. நூறாம் நம்பர் வூட்ல இன்னா கீதோ அத்த எடுத்துக்கினு வான்னு அனுப்புனா? அங்க பூன இருந்தா பூனையத் தூக்கிக்கினு வருவாரு. இந்தக் குறி போட்டா நூறு. போடலன்னா பூன." அன்றைக்குச் சார் சிரித்த சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. அதற்கப்புறம் குறி விட்டுப்போன பிழைக்கு எங்கள் பட்டறையில் பூனை என்றே பெயர். பெட்டி தாறுமாறாக ஓடினால் "உள்ள பூன பூந்துட்சா பாரு" என்போம்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எல்லோரும் பேப்பர் படிக்கிற நேரத்தில் அவள் பைட் படிப்பாள். எழுதிய புரோகிராமைப் பைட் எனும் எண்களாக மாற்றித் தருவது அசெம்பிளர் என்கிற மென்பொருளின் வேலை. அது தந்த எண் வரிசையை அச்செடுத்து வைத்துக்கொண்டு, தான் எழுதியதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பாள். "அதான் அசெம்பிளர் பண்ணிடுச்சே, உனக்கு இன்னா வேல?" என்று நான் சீண்டுவேன். "நான் எழுதுனத மெஷின் படிக்காது சேகரு. அசெம்பிளரு எழுதிக் குட்த்தததான் படிக்கும். நடுவுல ஒரு தரகர் இருந்தா, ரெண்டு பக்கமும் கேக்கணும்" என்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தரகரே சொல்லிவிட்டார் என்றால் முடிந்தது என்று எழுந்து போகிற ஆள் நான்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனிக்கு நாங்கள் பெட்டி செய்துகொண்டிருந்தோம். வண்டிகளுக்கு வேண்டிய ரப்பர் புஷ் எனும் வளையங்களைச் செய்கிற இடம். மோல்டு எனும் அச்சுக்குள் பச்சை ரப்பரை வைப்பார்கள், பிரஸ் இயந்திரம் மூடிக்கொள்ளும், சூட்டில் குறிப்பிட்ட நேரம் வெந்த பிறகு விளக்கு எரிந்து தானே திறக்கும். எந்த மோல்டுக்கு எவ்வளவு நேரம் என்பது எங்கள் சிப்புக்குள் ஒரு அட்டவணையாக இருந்தது. முதல் பிரஸ்ஸுக்குப் பெட்டி கொடுத்து வருஷமாகிவிட்டது, புகார் இல்லை. இரண்டாவது பிரஸ்ஸுக்குக் கேட்ட நேரத்தில்தான் கஜேந்திரன் சார் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். புதுக் கம்ப்யூட்டர், புது அசெம்பிளர். அதே புரோகிராம்தானே, ஒரு வரி மாறவில்லையே என்று அமலா அதைப் புது அசெம்பிளரில் போட்டு எடுத்துக் கொடுத்தாள். ரப்பர் கம்பெனி அவசரப்படுத்தியதால் அந்த ஒரு தடவை மட்டும் அவள் பைட் படிக்கவில்லை.

சில மாதம் கழித்து அங்கிருந்து ஒரு ஆர்டர் வந்தது. என்ன ஆர்டர் தெரியுமா? பூட்டு! பிரஸ்ஸைக் கையால் திறக்க ஒரு பொத்தான் இருக்கும். புதுப் பிரஸ்ஸில் அந்தப் பொத்தானுக்குப் பூட்டோடு ஒரு மூடி போட வேண்டுமாம். அளவெடுக்க நான்தான் போனேன். சூப்பர்வைசர் கதையைச் சொன்னார். பெரிய மோல்டில் வருகிற புஷ் எல்லாம் வேகாமல் பிசுபிசு என்று வருகிறது, பக்கத்துப் பிரஸ்ஸில் அதே மோல்டு, அதே ரப்பர், நன்றாக வேகிறது. ஆகவே இந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிற ஏகாம்பரம்தான் அன்றைய உருப்படிக் கணக்கைக் காட்டிவிட்டுச் சீக்கிரம் கிளம்புவதற்காக நேரம் ஆகும் முன்னே பொத்தானை அமுக்கித் திறக்கிறான். "பெர்மனென்ட் ஆவப்போறான்னு திமிரு. நிறுத்தி வெச்சிருக்கோம், இந்த வாரத்தோட கணக்கு முடிச்சிடுவோம்" என்றார். திரும்பும்போது கேட்டுக்கு வெளியே அந்த ஏகாம்பரத்தைப் பார்த்தேன். என் சட்டைப்பையில் இருந்த எங்கள் கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். "சார், அது தானா தொறக்குது சார். லைட்டு எரியுது, தொறக்குது. நான் இன்னா பண்றது?" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பட்டறைக்கு வந்து, பூட்டு ஆர்டர் வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அமலா சிரிக்கவில்லை.

"அவரு பொத்தான அமுக்குனத யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"தானா தொறக்குதுன்றத?"

"அத்தயும் யாரும் பாக்கல. அந்த ஆளு சொல்றாரு, அவ்ளோதான்."

"அப்போ நாமதான் பாக்கணும். அந்தச் சிப்ப கழட்டிக்கினு வா."

மூடி பொருத்துகிற சாக்கில் போய், அதே புரோகிராம் எழுதிய இன்னொரு சிப்பை வைத்துவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு வந்தேன். முதல் பிரஸ்ஸுக்குக் கொடுத்த சிப்பின் நகல் எங்களிடம் இருந்தது. இரண்டையும் படித்து எண்களை எண்களோடு ஒப்பிட்டாள். ஒரே புரோகிராம், ஒரே காகிதம். எண்களும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு பைட் வேறாக இருந்தது.

அது எப்படி என்று உங்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அவள் பெருமை அதில்தான் இருக்கிறது. நினைவகத்தில் ஒரு இடத்தின் முகவரி பெரிய எண். அந்தச் சின்னச் சிப்போ ஒரு வாய்க்கு ஒரு பைட்தான் விழுங்கும். அதனால் முகவரியை இரண்டாகப் பிட்டுக் கொடுக்க வேண்டும். # போட்டு < போட்டால் கீழ்ப்பாதி, # போட்டு > போட்டால் மேல்பாதி. பெரிய மோல்டின் நேரம் அட்டவணையில் ஆரம்பத்திலிருந்து நாற்பது இடம் தள்ளி இருந்தது. எனவே > போட்டு, அட்டவணையின் பெயரை எழுதி, கூட்டல் நாற்பது என்று எழுதியிருந்தாள். பழைய அசெம்பிளர் முதலில் நாற்பதைக் கூட்டிவிட்டு, வந்த விடையிலிருந்து மேல்பாதியைப் பிட்டது. புதியதோ முதலில் மேல்பாதியைப் பிட்டுவிட்டு, அந்தப் பாதியோடு நாற்பதைக் கூட்டியது. மேல்பாதியில் ஒன்று கூடினாலே இருநூற்றைம்பத்தாறு இடம் தள்ளிப் போய்விடும். நாற்பது கூடினால் கேட்கவா வேண்டும்? எங்கேயோ போய், எதற்காகவோ எழுதியிருந்த ஒரு சின்ன எண்ணை எடுத்துவந்து, இதுதான் வேகிற நேரம் என்று சொல்லிவிட்டது. மற்ற மோல்டுகளின் நேரத்துக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது, கூட்டலே இல்லை, அதனால் அவை தப்பித்தன. ஒரு அடைப்புக்குறி போட்டிருந்தால் இரண்டு அசெம்பிளரும் ஒன்றாகவே செய்திருக்கும்.

அமலா மேசையைத் தட்டி, "புட்ச்சிட்டேன்!" என்று கத்தினாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயையோ, நான்தானா!" என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவளால்தான் முடியும்.

கஜேந்திரன் சார் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித் தொழில் செய்தவர், பயம் இருந்தது. "சரி, கண்டுபுட்ச்சாச்சி இல்ல? சேகர் போயி நல்ல சிப்ப வெச்சிட்டு வரட்டும். பூட்டு போட்டதுல சரியாப்பூட்சின்னு அவங்களே நெனச்சிப்பாங்க. எதுக்கு நாமளே போயி தலையக் குடுக்கணும்? இன்னும் எத்தினி பிரஸ் ஆர்டர் வர வேண்டியது கீது" என்றார்.

"சிப்ப மாத்திடலாம் சார். அந்த ஆளு பேர எத்த வெச்சி மாத்துவீங்க?" என்றாள் அமலா.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நான் போறேன். வேலய வுட்டுத் தூக்கணும்னா நாளைக்கித் தூக்குங்க, இன்னிக்கி ஸ்கூட்டர் சாவி குடுங்க" என்றாள். சார் சாவியைக் கொடுத்துவிட்டார், நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் எனக்கு அவள் புத்திமதி: "நீ அங்க வாயத் தொறக்காத. உனக்குக் கோவம் வந்தா என் காரியம் கெட்டுப்பூடும்."

ரப்பர் கம்பெனியில் மேனேஜரையும் சூப்பர்வைசரையும் அந்தப் பிரஸ் பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்தினாள். நான் கழற்றிவந்த தப்பான சிப்பைத் திரும்ப வைக்கச் சொன்னாள், பெரிய மோல்டைத் தேர்ந்து பிரஸ்ஸை மூடச் சொன்னாள். "எல்லாரும் கையக் கட்டிக்கினு நில்லுங்க சார்" என்று தானும் கையைக் கட்டிக்கொண்டாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேகவேண்டிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. விளக்கு எரிந்தது, பிரஸ் தானாகத் திறந்தது. பொத்தான் நாங்கள் போட்ட பூட்டுக்குள் பத்திரமாக இருந்தது! பிறகு நல்ல சிப்பை வைத்து ஓட்டினாள். முழு நேரமும் மூடியே இருந்தது.

"அப்போ இது யார் தப்பு?" என்றார் மேனேஜர்.

"என்னுது சார். எழுதுனது நான், சரிபாக்காம அனுப்புனதும் நான். ஏகாம்பரம் சொன்னது அத்தினியும் நெசம்."

சூப்பர்வைசர் யாருக்கோ சொல்வதுபோல, "பொம்பளைங்கள இந்த வேலைக்கி வெச்சா இப்படித்தான்" என்று முணுமுணுத்தார். எனக்கு உச்சி மண்டை கொதித்தது. ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். அமலா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஆமா சார். நீங்க இத்தினி நாளா பூட்டு வாங்கிக்கினு இருந்தீங்க. பொம்பள வந்துதான் புட்ச்சிக் குடுத்தா" என்றாள். மேனேஜரே சிரித்துவிட்டார்.

உங்களில் பட்டறை ஆட்கள் பலருக்கு இதுவரைக்கும் தெரியும். பட்டறையில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இதற்கப்புறம் நடந்ததை அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

ஏகாம்பரத்தை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். வந்தார். நாளையிலிருந்து வேலைக்கு வரலாம், பெர்மனென்ட் விஷயமும் பழையபடியே நடக்கும் என்று மேனேஜர் சொன்னார். நன்றி சொல்லுவார், கண்கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அமலாவை முறைத்தார்.

"நீயாம்மா எழுதுனது?"

"நான்தாண்ணா."

"இங்க சொல்லிட்ட. எல்லாம் சரியாப்பூட்சி. என் வூட்ல யாரு சொல்றது? மச்சான் சொல்லி வாங்கிக் குட்த்த வேல இது. மச்சான் மூஞ்சில முழிக்க முடியல. என் பொண்டாட்டி எங்கூடப் பேசி எத்தினி நாளாவுது தெரியுமா? நீ எப்பவும் அவசரக்குடுக்கதான்னு அவளே சொல்லிட்டா. தெருவே சொல்லுது."

"உங்க வூடு எங்கண்ணா?"

"வடக்குப்பட்டு."

"வாங்க, போலாம்" என்றாள்.

ஸ்கூட்டரில் மூன்று பேர். போலீஸ்காரர் யாரும் பார்க்காதது எங்கள் நல்ல காலம். வடக்குப்பட்டுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஏகாம்பரத்தின் மனைவி வெளியே வந்தார். யாரோ கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. புதிதாக என்ன குற்றச்சாட்டோ என்று பயந்திருப்பார். "உள்ள வாம்மா, ஒக்காரு" என்றார்.

"மொதல்ல சொல்லிட்றேன்க்கா, அப்பறம் ஒக்கார்றேன்" என்றாள் அமலா. அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "ரப்பர் வேகாமப் போனதுக்கு உங்க வூட்டுக்காரரு காரணமில்ல. பிரஸ்ஸத் தொறக்கறதுக்கு நேரம் சொல்ற பொட்டி நாங்க பண்ணது. அதுல நான் எழுதுனது தப்பாப்பூட்சி. ஒரு எடத்துல கீற நேரத்த எடுத்துக்கினு வாடான்னா, அது வேற எங்கயோ போயி கையில கெடச்சத எடுத்துக்கினு வந்துட்சி. இவரு பொத்தான்மேல கையே வெக்கல. தானா தொறக்குதுன்னு இவரு சொன்னது நெசம். என் பேரு அமலோற்பவம், சேரப்பணஞ்சேரி. யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லுங்க."

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். "நீ சொன்னியே... நான்தான் நம்பலியே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஏகாம்பரம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வுடு. எனக்கே சந்தேகம் வந்துட்சி. ஒருவேள நம்ம கைதான் பட்டுட்சோன்னு. எல்லாரும் சொல்றாங்களே, அப்போ நாமதான் அமுக்கிட்டு மறந்துட்டமோன்னு."

காலையிலிருந்து முதலாளியிடமும் மேனேஜரிடமும் சூப்பர்வைசரிடமும் தலை நிமிர்ந்து பேசிய அமலா, அதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்ச்சிக்கோங்கண்ணா" என்றாள். கம்பெனியில் அவள் தப்பு என்று சொன்னாளே தவிர, மன்னிப்பு என்ற சொல்லை அங்கே எடுக்கவே இல்லை. அதை இங்கேதான் சொன்னாள். அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்தோம், சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

திரும்பி வரும் வழியில், வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற இடம் தாண்டியதும், "சேகரு, வேல போறது ஒண்ணு. வூட்ல பேசாதது ஒண்ணு. தான் இன்னா பண்ணோம்னு தனக்கே தெரியாமப் பூட்சே அந்த மனுஷனுக்கு, அத்த யாருபா திருப்பித் தர்றது? நல்லவேள, இன்னிக்கே வந்தோம்" என்றாள். அவள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்ததால் பின்னால் இருந்த என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது என்பதை இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

கஜேந்திரன் சார் அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அடுத்த பிரஸ் ஆர்டரும் எங்களுக்கே வந்தது. அதில் அவள் கூட்டல் வருகிற இடமெல்லாம் அடைப்புக்குறி போட்டாள், வராத இடத்திலும் போட்டாள். கேட்டால், "காசா, பணமா?" என்பாள். பிறகு பட்டறை மூடியது, ஆளுக்கொரு திசையில் போனோம். அவள் பெரிய பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். மாதம் ஒருமுறையாவது போன் செய்து, "உயிரோட கீறியா?" என்று கேட்பாள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டுவேன்.

அவள் போய்விட்டாள் என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனாலும் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்ததை யாரும் பிடுங்க முடியாது. இத்தனை வருஷமாக நானே சொந்தமாகக் கடை வைத்து இயந்திரம் பழுது பார்க்கிறேன், தப்பும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பழுதைச் சரிசெய்துவிட்டு, பில் போட்டுவிட்டு, அப்படியே கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கிளம்ப முடிவதில்லை. இதனால் யார் பேச்சு வாங்கினார்கள் என்று கேட்கிறேன். அந்த ஆள் எந்த மூலையில் நின்றாலும் தேடிப் போய், நாலு பேர் காதில் விழும்படி, "உங்க மேல ஒண்ணுமில்ல, இது என்னுது" என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். அப்படிச் சொல்லும்போது அந்த முகம் ஒரு கணம் தன்னையே திரும்பப் பெற்றதுபோல நிமிரும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவள் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.